சிரிப்பு எப்படிக் கல்லாப் பணமாகிறது? நகைச்சுவைப் பட வசூல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் மீரான் சாகிப் தெருவில், ஒரு விநியோகஸ்தர் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் தினசரி வசூல் கணக்கு எழுதினேன். கல்யாண வீடானாலும் ரயில் பெட்டியானாலும், நான் என்ன வேலை பார்த்தவன் என்று தெரிந்தவுடன் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பது இந்தப் பத்துப் பதினைந்து கேள்விகளைத்தான். பதிலை ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் தொண்டையாவது மிச்சமாகும்.

ஒரு நகைச்சுவைப் படம் ஓடிவிட்டது என்று எந்த நாளில் தெரியும்?

திங்கட்கிழமை. அதுவும் மதியக் காட்சியில்.

பெரிய நட்சத்திரத்தின் சண்டைப் படத்துக்கு வெள்ளிக்கிழமைதான் உயிர். காலை ஒன்பது மணிக் காட்சிக்கே மேளம் வந்துவிடும், கட்-அவுட்டுக்கு மாலை ஏறிவிடும். கோயம்பேடு ரோகிணியின் வாசலை அப்படிப்பட்ட ஒரு நாளில் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் கூட்டம் படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டு வருவதில்லை. நகைச்சுவைப் படத்துக்கு அப்படி முன்கூட்டியே வந்து நிற்கும் கூட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை அரங்கில் பாதி இருக்கை காலியாக இருக்கும், தயாரிப்பாளர் தரப்பில் முகங்கள் வாடியிருக்கும்.

சனிக்கிழமை மாலைதான் கதை மாறத் தொடங்கும். முதல் நாள் பார்த்தவர் அலுவலகத்திலோ அடுக்ககத்தின் மாடிப்படியிலோ ஒரு காட்சியைச் சொல்லிச் சிரிக்கிறார். கேட்டவர் குடும்பத்துக்கு நான்கு டிக்கெட் எடுக்கிறார். ஞாயிறு நிரம்புவதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, ஞாயிற்றுக்கிழமை எந்தப் படத்துக்கும் ஆள் வரும். திங்கள் மதியத்துக்கு யார் வருகிறார்கள்? கல்லூரியைத் தவிர்த்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஞாயிறு டிக்கெட் கிடைக்காமல் திரும்பியவர்கள். இவர்கள் வந்திருந்தால் படம் ஓடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சண்டைப் படத்தின் திங்கள் வசூல் வெள்ளி வசூலில் பாதிகூடத் தேறாமல் போவது சாதாரணம். நகைச்சுவைப் படத்தில் திங்களும் வெள்ளியும் சமமாக வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் பால்கோவா வரும்.

2025 மே 1 அன்று வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இதற்கு நல்ல உதாரணம். இலங்கையிலிருந்து கள்ளத்தனமாக வந்து சென்னையில் குடியேறும் ஒரு குடும்பத்தின் கதை. புதிய இயக்குநர். அதே நாளில் சூர்யாவின் ‘ரெட்ரோ’ வேறு வந்தது. முதல் நாளில் இதைக் கவனித்தவர்கள் குறைவு. அடுத்தடுத்த நாட்களில் காட்சிகள் கூட்டப்பட்டன. வாய்மொழி விளம்பரம் என்பது இப்படித்தான் வேலை செய்யும்: மெதுவாக ஏறும், ஏறியபின் சட்டென்று இறங்காது.

‘100 கோடி வசூல்’ என்றால் தயாரிப்பாளர் கைக்கு 100 கோடி வருமா?

வராது. ஒரு டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் புரியும்.

சென்னையின் குளிர்சாதன மல்டிபிளெக்ஸில் அடிப்படை விலையின் உச்சவரம்பு 2017 அக்டோபரிலிருந்து 150 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 27 ரூபாய். உள்ளாட்சி கேளிக்கை வரி தமிழ்ப் படத்துக்கு முன்பு 8 சதவீதமாக இருந்து, 2025-இல் 4 ஆகக் குறைந்தது. அது 6 ரூபாய். மொத்தம் 183. இணையத்தில் பதிவு செய்தால் அதற்கான கட்டணம் தனி. அது இந்தக் கணக்குக்குள் வராது.

இனி 300 இருக்கை உள்ள அரங்கில் ஒரு காட்சி நிரம்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வசூல் 54,900 ரூபாய். விளம்பரத்தில் போடுவது இந்த எண்ணைத்தான். வரியாக 9,900 போனால் மீதி 45,000. இதைத்தான் நெட் என்கிறோம். இதில் 60 சதவீதம் விநியோகஸ்தருக்கு என்று ஒப்பந்தம் இருந்தால் அவருக்கு 27,000. இதுதான் ஷேர். ஆக, மேலே சொன்ன வசூலில் பாதிக்கும் சற்றுக் குறைவு. இந்த 27,000-த்திலிருந்து போஸ்டர், டிஜிட்டல் திரையிடல் கட்டணம், விநியோகஸ்தரின் கமிஷன் எல்லாம் கழிய வேண்டும். அந்தத் திரையிடல் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018-இல் தயாரிப்பாளர்கள் மார்ச் மாதத்திலிருந்து வாரக்கணக்கில் புதுப் படங்களையே வெளியிடாமல் நிறுத்தினார்கள்.

இன்னொரு சங்கதி, நகைச்சுவைப் படக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. முதல் வாரத்தில் விநியோகஸ்தரின் பங்கு அதிகம். வாரம் ஏற ஏற அது குறைந்து, தியேட்டரின் பங்கு கூடும். மெதுவாக ஏறி நான்கு வாரம் ஓடும் படத்தின் வசூலில் கணிசமான பகுதி தியேட்டர்காரர்களிடமே தங்கிவிடும். சிரிப்புப் படம் என்றால் தியேட்டர் உரிமையாளர்கள் முகம் மலர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பாப்கார்ன் இன்னொரு காரணம். குடும்பமாக வருபவர்கள் இடைவேளையில் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

வெளியாகும் எண்களை நம்பலாமா?

திசை காட்டும், தூரம் காட்டாது. தமிழ்நாட்டில் அன்றாட வசூலைத் தணிக்கை செய்து பொதுவில் வெளியிடும் அமைப்பு இல்லை. ஒருவர் சொல்வது வரியோடு சேர்ந்த வசூல், மற்றவர் சொல்வது வெளிநாட்டையும் சேர்த்தது, மூன்றாமவர் சொல்வது அவருடைய ஆசை. நான் கணக்கு எழுதிய ஒரு படத்துக்கு என் பேரேட்டில் இருந்த தொகையைவிடச் சுவரொட்டியில் இருந்த தொகை பெரியதாக இருந்தது. அச்சகத்தின் பிழை என்று எண்ணி முதலாளியிடம் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தொழில் புரிந்துவிட்டது.

சென்னையில் ஓடினால் தமிழ்நாடு முழுவதும் ஓடுமா?

தொழிலில் தமிழ்நாட்டை ஏரியாக்களாகப் பிரித்துத்தான் பேசுவோம். சென்னை நகரம் ஒன்று. செங்கல்பட்டும் வட, தென் ஆற்காடும் சேர்ந்தது இன்னொன்று. பிறகு கோவை, சேலம், திருச்சி–தஞ்சை, மதுரை–ராமநாதபுரம், நெல்லை–குமரி. மாவட்டங்கள் பலமுறை பிரிந்தும் வியாபாரம் இன்னும் பழைய வரைபடத்திலேயே நடக்கிறது.

சிரிப்புக்கும் ஏரியா உண்டு. அடுக்குமாடி, ஐடி அலுவலகம், காதலர்களின் கைப்பேசிச் சண்டை என்று போகும் படம் ஓஎம்ஆர் பக்கத்து மல்டிபிளெக்ஸில் நிரம்பும், உசிலம்பட்டியில் தடுமாறும். திருவிழா, மாமன் மச்சான், பஞ்சாயத்து என்று போகும் படத்துக்கு நேர்மாறான கதி. 1989-இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ மதுரைப் பக்கம் ஓராண்டைத் தாண்டி ஓடியது. வாழைப்பழக் காட்சியை மயிலாப்பூரும் ரசித்தது. ஆனால் அந்தப் படத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது தெற்குச் சீமைதான்.

உலகத்தில் அதிகம் வசூலித்த நகைச்சுவைப் படம் எது? ‘லைவ் ஆக்‌ஷன்’ என்று ஏன் தனியாகப் பிரிக்கிறார்கள்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். லைவ் ஆக்‌ஷன் என்றால் மனிதர்கள் நடித்தது, கார்ட்டூன் அல்லாதது. அசைவூட்டப் படங்களில் பெரும்பாலானவை சிரிப்புப் படங்களே. குழந்தைகள், பெற்றோர், எந்த மொழியிலும் குரல் மாற்றும் வசதி என்று அவற்றின் சந்தையே வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் மனிதர்கள் தோற்றுவிடுவார்கள்.

மனிதர்கள் நடித்ததில் நெடுங்காலம் முடிசூடியிருந்தது 1990-இல் வந்த ‘ஹோம் அலோன்’. ஏறத்தாழ 1.8 கோடி டாலர் செலவில் எடுத்து, உலகெங்கும் 47 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். எனக்குப் பிடித்த புள்ளிவிவரம் அதுகூட இல்லை: அமெரிக்காவில் தொடர்ந்து 12 வாரம் முதலிடத்தில் இருந்தது. கிறிஸ்துமஸ் படம், கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கல் தாண்டியும் இறங்கவில்லை. நான் சொன்ன திங்கட்கிழமைக் கணக்கு அங்கேயும் அதேதான். 2011-இல் ‘தி ஹேங்ஓவர்’ இரண்டாம் பாகம் 58 கோடி டாலரோடு அதைத் தாண்டியது. 2021 சீனப் புத்தாண்டில் வந்த ‘ஹாய், மாம்’ 80 கோடி டாலரைக் கடந்தது, அதில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்தே வந்தது. 2023-இல் ‘பார்பி’ 140 கோடி டாலரைத் தாண்டியது. ‘பார்பி’யை நகைச்சுவை என்று கணக்கெழுதலாமா, கற்பனைக் கதை என்று எழுதலாமா என்று சண்டை போடுபவர்கள் உண்டு. நான் நகைச்சுவைப் பத்தியில்தான் எழுதுவேன். அரங்கில் சிரித்தார்களே!

தியேட்டரில் வயிறு வலிக்கச் சிரித்த படம், வீட்டில் பார்க்கும்போது ஏன் சப்பென்று இருக்கிறது?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். தனியாக இருக்கும் மனிதன் புன்னகைப்பான். சத்தமாகச் சிரிக்க அவனுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். 300 பேர் உட்கார்ந்த அரங்கில் பத்துப் பேர் தொடங்கினால் போதும், மற்றவர்களுக்குத் தொற்றிவிடும். அதே அரங்கில் நாற்பது பேர் சிதறி உட்கார்ந்தால் அதே காட்சி செத்துக் கிடக்கும். காலியான அரங்கு சண்டைப் படத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. நகைச்சுவைப் படத்தைக் கொன்றேவிடும். ஆகவே, கூட்டம் இல்லாததால் சிரிப்பு வராமல், சிரிப்பு வராததால் கூட்டம் வராமல், இரண்டே நாளில் படம் தூக்கப்படும். நன்றாக எடுக்கப்பட்ட சில படங்களுக்கும் இது நடந்திருக்கிறது. இதனால்தான் பெரிய அரங்கில் வெளியிட்டு இருக்கையைக் காயப்போடாதீர்கள், சிறிய அரங்காகப் பார்த்து நிரப்புங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். ஆறு திரை உள்ள இடத்தில் சின்னத் திரையில் ‘ஹவுஸ்ஃபுல்’ பலகை தொங்குவது, பெரிய திரையில் பாதி நிரம்புவதைவிட மேல்.

சபா நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேடையில் வசனம் சொன்ன நடிகர் கைதட்டல் அடங்கும்வரை நின்று, பிறகு அடுத்த வரியைத் தொடங்குவார். திரையில் அது நடக்காது. படத்தொகுப்பாளர் முன்கூட்டியே ஊகித்து ஓர் எதிர்வினை முகத்தையோ ஓர் அசட்டுப் பார்வையையோ இடையில் வைத்து, சிரிப்புக்கு இரண்டு நொடி விட வேண்டும். விடாவிட்டால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும். கிரேஸி மோகன் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ போன்ற படத்தை இரண்டாம் முறை பார்த்தவர்கள் பலரும், முதல் முறை கேட்காமல் விட்ட வரிகளைக் கேட்கத்தான் போனார்கள். அது வசூலுக்கு லாபமான விபத்து. இரண்டு நொடி விட்டுத் தொகுத்த படத்தை வீட்டுச் சோபாவில் தனியாகப் பார்க்கும்போது அந்த இடைவெளி மந்தமாகத் தெரிகிறது. குற்றம் படத்திலும் இல்லை, உங்களிடமும் இல்லை.

நகைச்சுவை நடிகர் கதாநாயகனாக நடித்தால் ஓடுமா?

ஓடியிருக்கிறது, கவிழ்ந்தும் இருக்கிறது. 1964-இல் நாகேஷை நாயகனாக்கிய ‘சர்வர் சுந்தரம்’ இன்றும் பேசப்படுகிறது. 2006-இல் சிம்புதேவன் இயக்கத்தில் வடிவேலு இரட்டை வேடமிட்ட ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ நூறு நாட்களைத் தாண்டியது. அதே வடிவேலு 2022 டிசம்பரில் ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ மூலம் திரும்பி வந்தபோது, அத்தனை எதிர்பார்ப்பும் முதல் வாரத்திலேயே கரைந்தது.

பத்து நிமிடம் வந்து போகும் பாத்திரத்துக்குக் கதை வேண்டாம், இரண்டு மணி நேரம் நிற்பவருக்கு வேண்டும். புலிகேசிக்கு இருந்தது, சேகருக்கு இல்லை. என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்தே நகைச்சுவையைத் தனிப் பகுதியாக எழுதிப் படத்தில் சேர்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கவுண்டமணி–செந்தில் காட்சிகளுக்கு ஏ.வீரப்பன் எழுதியதும் அந்த வழியில்தான். அப்படிப் பழகிய கைகளுக்கு முழுப் படத்தையும் சிரிப்பிலேயே கட்டுவது சுலபமாக வரவில்லை.

பேய்ப் படங்களில் எதற்கு இத்தனை நகைச்சுவை?

பயம் இளைஞர்களை முதல் நாள் கூட்டி வருகிறது, சிரிப்பு குடும்பத்தை இரண்டாம் வாரம் கூட்டி வருகிறது. ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வரிசைகள் இத்தனை பாகம் வந்ததற்கு இந்த ஒரு வரி போதும். 2005-இல் வெளியாகி, சாந்தி திரையரங்கில் 800 நாட்களைத் தாண்டிய ‘சந்திரமுகி’யில் ரஜினி–வடிவேலு காட்சிகளை எடுத்துவிட்டால் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று எங்கள் தெருவில் பந்தயமே நடந்திருக்கிறது.

தமிழில் ஓடிய நகைச்சுவைப் படம் வேறு மொழியில் ஓடுமா?

நிலைமையால் வரும் சிரிப்பு எல்லை தாண்டும், வார்த்தையால் வரும் சிரிப்பு தாண்டாது. ‘காதலிக்க நேரமில்லை’ இந்திக்குப் போய்ப் பிழைத்தது. இந்தி ‘கோல்மால்’ இங்கே வந்து ‘தில்லுமுல்லு’வாகப் பிழைத்தது. ஒட்டு மீசைக்கு மொழி கிடையாது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்துச் சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழை எந்த மொழியில் குரல் மாற்றுவீர்கள்? சாம்பாரில் விழுந்த மீன் மட்டும் வேண்டுமானால் எல்லா மொழியிலும் மீன்தான்.

நிலைமை நகைச்சுவைக்கும் உத்தரவாதம் கிடையாது. காதலர்கள் கைப்பேசியை மாற்றிக்கொள்ளும் ‘லவ் டுடே’ 2022 நவம்பரில் இங்கே சக்கைப்போடு போட்டது. அதுவே 2025-இல் இந்தியில் ‘லவ்யாப்பா’வாகப் போனபோது சீந்துவாரில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் பெட்டியில் கிடந்த ‘மதகஜராஜா’ எப்படி ஓடியது?

எங்களைப் போன்றவர்களுக்கே தலைசுற்றிய சம்பவம். 2013 பொங்கலுக்கு வர வேண்டிய படம் பணச் சிக்கலில் முடங்கி, 2025 ஜனவரி 12 அன்று வெளியானது. திரையில் மணிவண்ணனும் மனோபாலாவும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் அப்போது உயிரோடு இல்லை.

அஜித்தின் ‘விடாமுயற்சி’ அந்தப் பொங்கலிலிருந்து விலகியதால் திரைகள் காலியாக இருந்தன. வந்திருந்த மற்ற படங்களில் சில கனமானவை. சந்தானத்தை நாயகனாக மட்டுமே பார்த்துச் சலித்திருந்தவர்களுக்கு, அவர் நண்பனாக வந்து கிண்டலடித்த நாட்களின் மேல் ஏக்கம். மூன்றும் சேர்ந்தன. பழைய சண்டைக் காட்சி பழையதாகத் தெரியும். பழைய கைப்பேசியை வைத்திருக்கும் நாயகன் விழுந்து புரண்டால் இன்றும் சிரிப்பு வரும். இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பெட்டிகளைத் தூசி தட்டியவர்களுக்கு நான் சொல்வது: அந்தக் காலியான பொங்கல் உங்களுக்கும் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

எந்த மாதத்தில் வெளியிடுவது நல்லது?

பள்ளித் தேர்வு முடிந்த பிறகு. பிப்ரவரியும் மார்ச்சும் பெற்றோர் வீட்டை விட்டு வெளியே வராத மாதங்கள். ஏப்ரல், மேயில் ஐபிஎல் மாலைக் காட்சியைக் கொஞ்சம் தின்றாலும் விடுமுறை ஈடுகட்டும். நவம்பர், டிசம்பர் மழையில் வேளச்சேரிக்காரர் வண்டியை எந்த மேம்பாலத்தில் நிறுத்துவது என்று யோசிப்பாரே தவிர, படத்தை யோசிக்க மாட்டார். விதிவிலக்கு உண்டு. 2021 அக்டோபரில் பாதி இருக்கைகளுக்கு மட்டுமே அனுமதி இருந்தபோது வந்து ‘டாக்டர்’ அள்ளியது. ஒன்றரை ஆண்டு வீட்டில் அடைந்து கிடந்த ஊர், சிரிக்கக் காத்திருந்தது.

ஓடிடி வந்தபின் நகைச்சுவைப் படத்துக்கு யார் தியேட்டருக்கு வருகிறார்கள்?

‘நான்கு வாரத்தில் வீட்டுக்கே வந்துவிடும்’ என்று சொல்லித் தள்ளிப்போடப்படும் முதல் படம் நகைச்சுவைப் படம்தான். பிரம்மாண்டம் இல்லை, பெரிய திரை வேண்டாம் என்ற நினைப்பு. பெரிய திரையைவிடப் பக்கத்து இருக்கை முக்கியம் என்று மேலே சொல்லிவிட்டேன்.

மறுபுறம், தொலைக்காட்சி உரிமையில் நகைச்சுவைக்கு இருக்கும் ஆயுள் வேறு எதற்கும் இல்லை. சண்டைப் படத்தை மூன்றாம் முறை போட்டால் சேனலை மாற்றுவார்கள். நகைச்சுவைப் படத்தை முப்பதாம் முறையும் சோற்றுத் தட்டோடு பார்ப்பார்கள். ஆதித்யா போல இருபத்து நான்கு மணி நேரமும் சிரிப்புத் துண்டுகளை ஓட்டும் சேனலே நடக்கிறது. 2001-இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த நேசமணியை 2019-இல் இணையத்தில் உலகமே நலம் விசாரித்ததும் அந்தப் புண்ணியத்தில்தான். அந்த நலவிசாரிப்பால் யாருக்கும் ஒரு ரூபாய் ஷேர் வரவில்லை என்பதையும் கணக்கெழுதியவன் சொல்ல வேண்டும்.

அந்தக் காலம் போல வெள்ளிவிழா ஏன் இல்லை?

1964-இல் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தபோது சென்னையில் சில அரங்குகளில்தான் ஓடியது. பார்க்க விரும்பிய ஊர் முழுவதும் அந்தச் சில அரங்குகளுக்கே வர வேண்டும், அதனால் மாதக்கணக்கில் ஓடியது. இன்று அதே கூட்டத்தை நூற்றுக்கணக்கான காட்சிகளாகப் பரப்பிப் பத்து நாளில் முடித்துவிடுகிறோம். நாட்களை வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஒரு சின்ன நகைச்சுவைப் படத்தில் பணம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

என் மைத்துனர் இதையே கேட்டார். ஓய்வூதியப் பணம், கதை சொல்ல வந்தவர் நன்றாகச் சிரிக்க வைத்துவிட்டாராம். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நல்ல விமர்சனம் பெற்றிருந்த ஒரு சின்னப் படத்துக்கு, வெளியான வாரத்தின் திங்கள் மதியக் காட்சிக்கு அழைத்துப்போனேன். இடைவேளையில் தலைகளை எண்ணச் சொன்னேன். எங்கள் இருவரையும் சேர்த்து நாற்பத்தொன்று. படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் பக்கத்தில் வங்கி எங்கே இருக்கிறது, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டார்.